சேர்ந்து வாழ மறுத்தவர்: ருக்மாபாய் வழக்கும் அதற்குப் பின் வந்த 67 ஆண்டுகளும்

பம்பாயில் 1884-ல் தொடங்கி 1888-ல் முடிந்த 'தாதாஜி பிகாஜி எதிர் ருக்மாபாய்' வழக்கைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தீர்ப்புகளோடு நின்றுவிடுகிறார்கள். பதினோரு வயதில் மணமுடித்து வைக்கப்பட்ட பெண் வளர்ந்த பிறகு கணவன் வீட்டுக்குப் போக மறுத்தார்; நீதிமன்றம் போகச் சொன்னது; சிறைக்குப் போனாலும் போவேனே தவிர அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்றார்; பின்னாளில் மருத்துவரானார் என்று கதை முடிந்துவிடும். அந்தக் கடைசி வரிக்குள் 67 ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. வழக்கு முடிந்தபோது அவருக்கு வயது 23, இறந்தபோது 90. கணவனைப் பிரிந்திருக்கும் பெண்ணை 'வாழாவெட்டி' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் முழுவதுமாகப் போகவில்லை. 'வாழப் போன இடம்' என்றால் புகுந்த வீடு என்றும், 'ஒழுங்காக வாழ்கிறாள்' என்றால் கணவனோடு இருக்கிறாள் என்றும் பொருள் கொள்கிறோம். அதனாலேயே, நீதிமன்றத்தில் அவர் எதை மறுத்தார் என்பதோடு, மறுத்த பிறகு எப்படி வாழ்ந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

ருக்மாபாய் 1864 நவம்பர் 22 அன்று பம்பாயில் பிறந்தார். தந்தை ஜனார்தன் பாண்டுரங், தாய் ஜெயந்திபாய். தச்சுத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட சுதார் சமூகத்தினர். குழந்தைக்கு இரண்டரை வயதானபோது தந்தை இறந்தார். அப்போது தாய்க்கு வயது 17. கணவனை இழந்த பெண் மீண்டும் மணம் செய்துகொள்வதை அந்தச் சமூகத்து வழக்கம் அனுமதித்ததால், சில ஆண்டுகள் கழித்து ஜெயந்திபாய், மனைவியை இழந்திருந்த மருத்துவர் சகாராம் அர்ஜுனை மணந்தார். மறுமணத்துக்கு முன் தன் முதல் கணவரின் சொத்தை மகள் பெயருக்கு மாற்றிவைத்தார். பிற்காலத்து வழக்கைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு செய்திகளும் தேவை. ஒன்று, ருக்மாபாய்க்குச் சொந்தச் சொத்து இருந்தது. மற்றொன்று, மறுமணம் செய்துகொண்ட தாயும், மருத்துவம் கற்பித்த, தாவர இயலில் தேர்ந்த மாற்றாந்தந்தையும் இருந்த வீட்டில் அவர் வளர்ந்தார்.

அந்த வீட்டிலும் குழந்தைத் திருமணம் நடந்தது. பதினோரு வயதில், சகாராம் அர்ஜுனின் உறவினரான 19 வயது தாதாஜி பிகாஜிக்கு ருக்மாபாய் மணமுடித்து வைக்கப்பட்டார். மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருந்து படித்து ஆளாக வேண்டும் என்பதே ஏற்பாடு. பெண் பூப்பெய்தியதும் சடங்கு செய்து கணவனிடம் அனுப்பிவிடுவது அன்றைய வழக்கம். சகாராம் அர்ஜுன் மருத்துவர் என்ற முறையில் அதற்கு ஒப்பவில்லை. தாதாஜிக்குப் படிப்பு ஏறவில்லை. அவர் தன் தாய்மாமன் நாராயண் துர்மாஜியின் வீட்டுக்குப் போய்விட்டார். மாமன் தன் ஆசைநாயகியையும் அதே வீட்டில் வைத்திருந்தார். அவருடைய மனைவி மனம் நொந்து தற்கொலைக்கு முயன்றார். மனைவியாக ருக்மாபாய் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய வீடு அதுதான்.

இப்படியாகப் பதினோரு வயதுக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் சட்டப்படி மனைவியாகவும், நடைமுறையில் தாய்வீட்டுப் பெண்ணாகவும் இருந்தார். பள்ளிப்படிப்பு நின்றுவிட்டது. கிறித்தவச் சபை ஒன்றின் நூலகத்திலிருந்து புத்தகங்களை வாங்கி வந்து வீட்டிலேயே படித்தார்; ஆங்கிலமும் அப்படித்தான் வசப்பட்டது. சகாராம் அர்ஜுனின் வீட்டுக்குச் சீர்திருத்தவாதிகளும் ஐரோப்பியர்களும் வந்து போனார்கள். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு இது முடிவில்லாத காத்திருப்பாகத் தோன்றியிருக்கும். என் கணிப்பில், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை விழுந்த காலம் இதுதான். திருமணம் முறிந்த பின் ஒரு பெண் தன்னைக் கண்டெடுத்தாள் என்று சொல்லும்போது, அதற்கு முன் அவள் வெறுமையாக இருந்தாள் என்ற எண்ணம் நம்மையறியாமல் உள்ளே வந்துவிடுகிறது. ருக்மாபாய் அப்படி இருக்கவில்லை. தனக்கு எது வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த வழியைத் திருமணம் அடைத்துக்கொண்டு நின்றது.

இதற்குச் சான்று அவர் கைப்பட எழுதியதே. 1885 ஜூன் மாதம் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' இதழில் குழந்தைத் திருமணத்தைக் கண்டித்து ஒரு கடிதம் வெளிவந்தது. செப்டம்பரில் விதவைக் கொடுமை பற்றி இன்னொன்று வந்தது. இரண்டிலும் எழுதியவர் பெயர் இருக்கவில்லை. 'ஓர் இந்துப் பெண்மணி' என்ற கையொப்பம் மட்டுமே இருந்தது. குழந்தைத் திருமணம் என்னும் இந்தக் கொடிய வழக்கம் தன் வாழ்வின் மகிழ்ச்சியை அழித்துவிட்டது என்றும், எல்லாவற்றையும்விடத் தான் பெரிதாக மதிக்கும் படிப்புக்கும் அறிவு வளர்ச்சிக்கும் தனக்கும் நடுவே அது வந்து நிற்கிறது என்றும் அந்தப் பெண்மணி எழுதியிருந்தார். கணவனின் குணத்தைப் பற்றியோ வறுமையைப் பற்றியோ எழுதி இரக்கம் தேட அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர் தன் படிப்பைப் பற்றி எழுதினார்.

வழக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1884 மார்ச் மாதத்தில் தாதாஜி வழக்கறிஞர்கள் வழியாக அறிவிப்பு அனுப்பி மனைவியை அனுப்பிவைக்கும்படி கேட்டார். மறுப்பு வந்ததும் நீதிமன்றத்துக்குப் போனார். பிரிந்திருக்கும் துணை திரும்பி வந்து சேர்ந்து வாழும்படி உத்தரவிட்டு, தாம்பத்திய உரிமையை மீட்டுத் தரக் கேட்கும் வழக்கு அது; இன்று நம் குடும்ப நீதிமன்ற வளாகங்களில் 'சேர்ந்து வாழ மனு' என்று எல்லாரும் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். விசாரணைக்கு முன்பே, 1885 ஏப்ரலில், சகாராம் அர்ஜுன் இறந்துவிட்டார். 20 வயதுப் பெண், இரண்டாம் முறையாகக் கணவனை இழந்த தாயோடு, வழக்கை எதிர்கொண்டார். தாதாஜிக்குத் தன்னைக் காப்பாற்றும் வருமானம் இல்லை, அவர் உடல்நலம் குன்றியவர், அவர் அண்டியிருக்கும் மாமனின் நடத்தை சரியில்லை என்பவை ருக்மாபாய் தரப்புக் காரணங்கள். அவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றைச் சொன்னார்: விவரம் தெரியாத வயதில், தன் சம்மதம் கேட்காமல் நடந்த திருமணம் தன்னைக் கட்டுப்படுத்தாது.

1885 செப்டம்பர் 21 அன்று நீதிபதி ராபர்ட் ஹில் பின்ஹே தாதாஜியின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார். அவருடைய தீர்ப்பில் ஒரு நுட்பமான வாதம் இருக்கிறது. உரிமையை 'மீட்டுத் தா' என்று கேட்க வேண்டுமானால், அந்த உரிமை முன்பு ஒரு நாளாவது இருந்திருக்க வேண்டும். இந்தத் தம்பதி ஒரு நாளும் சேர்ந்து வாழவே இல்லையே, பிறகு எதை மீட்பது என்று கேட்டார். இந்த வகை வழக்கு இந்து தர்ம சாஸ்திரத்தில் இல்லை, இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து இங்கே இறக்குமதியானது என்றும், அங்கே அது வயது வந்தவர்கள் சம்மதித்துச் செய்துகொண்ட திருமணங்களுக்கு உரியது என்றும் சுட்டினார். விருப்பமில்லாத ஓர் இளம்பெண்ணை ஓர் ஆணிடம் போகும்படி கட்டாயப்படுத்துவது காட்டுமிராண்டித்தனமானது, கொடூரமானது என்று வெளிப்படையாகவே எழுதினார்.

தாதாஜி மேல்முறையீடு செய்தார். 1886-ல் தலைமை நீதிபதி சார்ல்ஸ் சார்ஜென்டும் நீதிபதி பெய்லியும் வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள். 1887 மார்ச் 4 அன்று நீதிபதி ஃபாரன், ஒரு மாதத்துக்குள் கணவன் வீட்டுக்குப் போக வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் வரை சிறை என்று உத்தரவிட்டார். இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. இப்படிப்பட்ட உத்தரவை மீறுபவரைச் சிறையில் அடைக்கும் வழக்கத்தை இங்கிலாந்து நாடாளுமன்றம் 1884-லேயே ஒழித்துவிட்டது. எந்த நாட்டிலிருந்து அந்தச் சட்டம் வந்ததோ அங்கே மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்ட தண்டனை, பம்பாயில் 22 வயதுப் பெண்ணின் தலைக்கு மேல் தொங்கியது. உச்சபட்சத் தண்டனையை ஏற்கிறேன், போகமாட்டேன் என்பது ருக்மாபாயின் பதில்.

அந்தப் பதில் நாட்டையே இரண்டாகப் பிரித்தது. பால கங்காதர திலகர் தன் இதழ்களில் ருக்மாபாயைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கு ஆங்கிலக் கல்வி கொடுத்ததன் விளைவாகவே அவர் இதைப் பார்த்தார். சமூகச் சீர்திருத்தவாதியும் இதழாளருமான பெஹ்ராம்ஜி மலபாரி ருக்மாபாய்க்காக எழுதினார், நிதி திரட்டும் குழு ஒன்று அமைந்தது. பெண் கல்விக்காக உழைத்த பண்டித ரமாபாய் அமெரிக்காவில் இருந்தபடியே அவருக்காகக் குரல் கொடுத்தார். தாதாஜியும் தன் பக்கத்து நியாயத்தைச் சிறு வெளியீடாகப் போட்டார்: சொத்து கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே பெண் வீட்டார் தன்னை ஒதுக்குகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ருக்மாபாய் அதற்கு இதழில் பதில் எழுதினார். இந்த முறை பெயரை மறைக்க வழியில்லை. ஊர் முழுக்க அவர் பெயர் தெரிந்திருந்தது.

வழக்கு 1888 ஜூலையில் சமரசத்தில் முடிந்தது. 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, உத்தரவை நிறைவேற்றக் கேட்கமாட்டேன் என்று தாதாஜி விலகிக்கொண்டார். விக்டோரியா பேரரசியே தலையிட்டு இந்தத் திருமணத்தை ரத்து செய்தார் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஏழை எளிய பெண்ணுக்கு அரசி அருள் செய்தாள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது பணம் கொடுத்துக் கணக்கு முடித்ததுதான். இந்த வேறுபாடு முக்கியமானது. திருமணம் செல்லாது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சட்டத்தின் பார்வையில் அவர் தாதாஜியின் மனைவியாகவே நீடித்தார். இந்து ஆண் அன்று இன்னொரு பெண்ணை மணந்துகொள்ளச் சட்டத்தில் தடை இல்லை. ருக்மாபாய்க்கு அந்த வழி இல்லை. நீதிமன்றம் தராத விடுதலையை அவர் விலை கொடுத்து வாங்கினார். அதுவும் பாதி விடுதலைதான்.

இனி அவருடைய இரண்டாம் வாழ்வு.

பம்பாயில் அப்போது எடித் பீச்சி என்ற ஆங்கில மருத்துவர் காமா மருத்துவமனையின் பொறுப்பில் இருந்தார். 1869-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த முதல் பெண்கள் குழுவில் அவரும் ஒருவர். வேதியியல் தேர்வில் சிறப்பிடம் பெற்றும், பெண் என்பதால் அதற்குரிய உதவித்தொகை அவருக்கு மறுக்கப்பட்டது. அந்தக் குழுவினர் உயிரோடு இருந்தவரை எடின்பரோ அவர்களுக்குப் பட்டமே தரவில்லை. இப்படித் தானே கதவுகளைத் தட்டிக் கைவலித்தவர் ருக்மாபாயிடம் மருத்துவம் படிக்கும்படி சொன்னார்; பயணத்துக்கும் படிப்புக்கும் பணம் திரட்ட உதவினார். 1889-ல் ருக்மாபாய் கப்பல் ஏறினார். இங்கிலாந்தில் வால்டர் மெக்லாரன் என்ற நாடாளுமன்ற உறுப்பினரும் அவர் மனைவி ஈவாவும் அவருக்குத் துணையாக நின்றார்கள். லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்து, 1894-ல் தகுதி பெற்றார்.

முறையான பள்ளிப்படிப்பைச் சிறு வயதிலேயே இழந்த ஒருவர், 24 வயதில், அந்நிய நாட்டில், அந்நிய மொழியில், உடற்கூறியலையும் வேதியியலையும் அடிப்படையிலிருந்து கற்றுத் தேர்வெழுதி 29 வயதில் மருத்துவராகிறார். இதை 'மன உறுதி' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது ஒவ்வொரு நாளும் புத்தகத்தின் முன் உட்கார்ந்து செய்த வேலை. அதே சமயம் அந்த உறுதிக்கு அடியில் தாங்கிய தூண்களையும் மறைக்கக் கூடாது. கையில் கொஞ்சம் சொத்து இருந்தது. மகளைத் திருப்பி அனுப்பாத தாய்வீடு இருந்தது. வீட்டுக்குள்ளேயே மருத்துவத்தைப் பார்த்து வளர்ந்திருந்தார். முன்னால் நடந்து போய் வழி தெரிந்துகொண்ட ஒரு பெண் கை கொடுத்தார். இவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்திருந்தாலும் கதை வேறு விதமாகப் போயிருக்கும். அதே பம்பாயில், அதே ஆண்டுகளில், இந்தத் தூண்களில் ஒன்றும் இல்லாமல் கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போன பெண்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரில் வழக்கும் இல்லை, வரலாறும் இல்லை. திருமணம் முறிந்து வரும் பெண்ணிடம் 'தைரியமாக இரு' என்று சொல்வதற்கு முன், அவள் படுக்க இடமும் கையில் பணமும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பதை இந்த வழக்கைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

ஊர் திரும்பியவர் சூரத்தில் பெண்களுக்கான மருத்துவமனையில் பொறுப்பேற்றார். ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டக் கூடாது என்பதால் பேறுகாலத்திலேயே உயிரை விட்ட பெண்கள் மிகுந்த காலம் அது. பெண் மருத்துவர்களுக்காக டஃபரின் சீமாட்டி நிதி 1885-ல் தொடங்கப்பட்டதும் அதனால்தான். ஆனந்திபாய் ஜோஷி 1886-ல் அமெரிக்காவில் பட்டம் பெற்றுத் திரும்பி, மருத்துவம் பார்க்கும் முன்பே 1887-ல் காசநோயால் இறந்துவிட்டார். கல்கத்தாவில் காதம்பினி கங்குலி மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதல் வரிசையில் ருக்மாபாயும் வந்து நின்றார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அவர் சூரத்தில் இருந்தார். பிறகு ராஜ்கோட் சமஸ்தானத்தின் பெண்கள் மருத்துவமனைக்குப் போனார். அங்கே செஞ்சிலுவைச் சங்கத்தையும் நிறுவினார். மொத்தம் 35 ஆண்டுகள் பணி. நீதிமன்றம் எந்தப் பெண்ணின் உடலை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முயன்றதோ, அந்தப் பெண்ணின் கைகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு நிகழ்வு. 1904-ல் தாதாஜி இறந்தார். செய்தி கேட்டு ருக்மாபாய் விதவைக்குரிய வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டார். இந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட திகைப்பு இன்னும் முழுவதும் அகலவில்லை. சிறைக்கே போகத் துணிந்தவர், ஒரு நாளும் கூடி வாழாத மனிதனுக்காக, 39 வயதில் ஏன் வெள்ளை உடுத்த வேண்டும்? சீர்திருத்தத்தை விரும்புபவர்கள் இதைச் சங்கடத்தோடு தாண்டிப் போகிறார்கள். வழக்கத்தைப் பேணுபவர்கள் கடைசியில் அவரும் ஒப்புக்கொண்டார் என்று சொல்லக்கூடும். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. சட்டம் அந்த முடிச்சை அவிழ்க்கவே இல்லை என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். அவர் மறுத்தது கட்டாயத்தை, தன் சமூகத்தை அவர் துறந்துவிடவில்லை. அவரிடம் வைத்தியத்துக்கு வந்த பெண்கள் அந்தச் சமூகத்துக்குள் வாழ்ந்தவர்கள். அவர்கள் வீட்டு முற்றம் வரை போக வேண்டிய மருத்துவர் அவர். வெள்ளைச் சேலை அங்கே ஒரு நுழைவுச் சீட்டாகவும் பயன்பட்டிருக்கலாம். துக்கமாகவும் இருந்திருக்கலாம். தன் பதினோராவது வயதில் தன்னோடு மணையில் உட்கார வைக்கப்பட்ட அந்தப் பையனும் ஒருவகையில் அதே வழக்கத்தில் அகப்பட்டவன்தானே. தன்னை மீட்டெடுத்த பெண் பழைய வாழ்வின் ஒவ்வொரு நூலையும் அறுத்தெறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம்முடைய ஆசை. அவர் உயிரோடு இருந்த மனிதர்.

அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய வாழ்வில் இது குறையா என்று கேட்பவர்களுக்கு அவர் எங்கும் பதில் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. அவருக்காக நாம் பதில் சொல்லத் தேவையும் இல்லை.

அவருக்கு எதிராகப் பயன்பட்ட சட்டம் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய வழக்கு எழுப்பிய விவாதமும், கல்கத்தாவில் கணவனின் கட்டாய உடலுறவால் நேர்ந்த புல்மணி என்ற சிறுமியின் மரணமும் சேர்ந்து 1891-ன் சம்மத வயதுச் சட்டத்துக்கு வழிவகுத்தன. பெண் உடலுறவுக்குச் சம்மதிக்கத் தக்க வயதை அது பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது, அவ்வளவுதான். சேர்ந்து வாழும் உத்தரவை மீறினால் சிறை என்ற விதி இந்தியாவில் 1923-ல்தான் நீங்கியது. சொத்தை ஜப்தி செய்யும் வழி மட்டும் எஞ்சியது. 1955-ன் இந்து திருமணச் சட்டம் முதன்முறையாக நாடு முழுவதும் இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து உரிமை தந்தது. அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு, சேர்ந்து வாழ உத்தரவிடக் கேட்கும் உரிமையையும் கணவன், மனைவி இருவருக்கும் தந்தது. இங்கிலாந்து 1970-ல் சட்டம் இயற்றி இந்த வழக்கை அடியோடு எடுத்துவிட்டது. 1983-ல் ஆந்திர உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சௌத்ரி, 'சரிதா எதிர் வெங்கட சுப்பையா' வழக்கில் 9-ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்றார். தன் உடல் பற்றிய முடிவை ஒரு பெண்ணிடமிருந்து அரசு பறித்துக்கொள்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். மறு ஆண்டே, 'சரோஜ் ராணி' வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்காமல் பிரிவைச் செல்லும் என்றது. விவாகரத்து கேட்டு மனைவி மனுப் போட்டதும், பதிலுக்குக் கணவன் 'சேர்ந்து வாழ மனு' போடுவது இன்றும் நம் குடும்ப நீதிமன்றங்களில் அன்றாடக் காட்சி. மனுவைப் போடும் பலருக்குச் சேர்ந்து வாழும் எண்ணம் இருப்பதில்லை. ஜீவனாம்சத்தைக் குறைப்பதற்கும் வழக்கை இழுப்பதற்கும் அது கைகொடுக்கிறது.

ருக்மாபாய் ராஜ்கோட்டில் ஓய்வுபெற்றுப் பம்பாய் திரும்பினார். 1929-ல் 'பர்தா: அதை ஒழிக்க வேண்டிய தேவை' என்ற கட்டுரை வெளிவந்தது. அதில் பேசுவது, அந்தத் திரைக்குப் பின்னால் இருந்த பெண்களை அவர்கள் வீட்டு அறைகளிலும் மருத்துவமனைக் கட்டில்களிலும் நேருக்கு நேர் பார்த்த ஒரு மருத்துவரின் குரல். 44 ஆண்டுகளுக்கு முன் கடிதத்தின் கீழே 'ஓர் இந்துப் பெண்மணி' என்று மட்டும் எழுதியவர், இந்தக் கட்டுரையை டாக்டர் ருக்மாபாய் என்ற பெயரில் வெளியிட்டார்.

இந்து திருமணச் சட்டம் 1955 மே 18 அன்று நடைமுறைக்கு வந்தது. ருக்மாபாய் அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று இறந்தார்.